நாலு மரத்துக்கு ஒரு தடவை

புதன்கிழமை பத்து மணிக்கு
லங்காப் பஸ் நிறுத்தத்தில் இறங்கி
செம்பனைக்குள் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன்.
வீட்டில் மோட்டார் இருக்கிறது. ஓட்டுவதில்லை.

ஆலை மூடியபின் ரோஸ்லான் குத்தகைக்கு எடுத்த இடம்.
பன்னிரண்டு ஆடு,
மூக்கணாங்கயிறு கழற்றிய ஓர் எருமைக்கடா,
யாரையும் மதிக்காத வாத்துகள்.
பழைய உரக்கிடங்கில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
சுவரில் இன்னும் யூரியா வாசம்.
ஒன்றில் யுகேஸ்வரி, மனநல ஆலோசகர்,
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள்,
காலில் மஞ்சள் பூட்ஸ்.

முதல் வாரம் ஒரு தாள் நீட்டினாள்.
பெயர்க் கட்டத்தில் சர்குணன் என்று எழுதினேன்.
தொழில் கட்டத்தைத் தாண்டிப் போனேன்.
கீழே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும்
பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் ஓர் எண்.
எல்லாவற்றுக்கும் இரண்டு.
பழக்குலை லாரியிலும் அப்படித்தான்,
இரண்டாம் கியரில் எந்த மேட்டையும் ஏற்றிவிடலாம்.
அவள் சிரிக்கவில்லை.
"சரி, எருமையைக் குளிப்பாட்டலாம்" என்றாள்.

எருமையின் பெயர் டத்தோ.
பதினோரு வருடம் குலை வண்டி இழுத்தது.
யார் சொல்லும் கேட்காததால்
வெட்டுக்காரர்கள் கொடுத்த பட்டம்.
கழுத்தில் நுகம் கிடந்த இடம்
மயிரில்லாமல், தேய்ந்த டயர் மாதிரி.
அங்கே தேய்த்தால் மட்டும் கண்ணை மூடும்.

மூன்றாம் வாரம் ரோஸ்லான் கயிற்றைக் கையில் கொடுத்தார்.
"பெலான்-பெலான், பாங்."
நடத்திக்கொண்டு போனேன்.
நாலாவது மரத்தில் நின்றது.
இழுத்துப் பார்த்தேன். மலை.
கொஞ்ச நேரத்தில் தானே நடந்தது.
எட்டாவது மரத்தில் மறுபடி.
பன்னிரண்டில்.
பின்னால் வண்டி இல்லை, கீழே குலை இல்லை,
தூக்கிப் போட ஆளும் இல்லை.
ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ
அவ்வளவு நேரம் நிற்கிறது,
யாரும் அதட்டாமலே கிளம்புகிறது.

எனக்கு வலது கால்.
இரவு இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு,
கட்டிலின் கால்மாட்டுப் பலகையை மிதிக்கிறது.
பிரேக் அங்கே இல்லையென்று
காலுக்கு யார் சொல்வது?
சத்தத்துக்கு எழுந்து எழுந்து
கமலவேணி பாயோடு ஹாலுக்குப் போய்விட்டாள்.
கோபமில்லை. ஐந்தரைக்கு அவளுக்குத் தொழிற்சாலை பஸ்.

தப்பு என்மேல் இல்லை.
போலீஸ் காகிதம் இருக்கிறது, முத்திரையோடு.
விடியுமுன் பனி, விளக்கில்லாத மோட்டார்,
சங்காட் ஜோங் முச்சந்தி.
முதலாளி முதுகில் தட்டி வேறு லாரி கொடுத்தார்.
சாவி கையில். படியில் ஒரு கால்.
அதற்கப்புறம் நடந்ததை
பார்த்தவர்கள் மயக்கம் என்றார்கள்.

ஐந்தாம் வாரம் நல்ல மழை.
வாய்க்கால் சேற்றில் புரண்டு வந்த டத்தோ
என் சட்டைமேல் சாய்ந்தது.
அந்த நேரம் யுகேஸ்வரி
நம்பிக்கை, அது இது என்று ஏதாவது சொல்லியிருந்தால்
கயிற்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.
அவள் வாத்தோடு சண்டையில் இருந்தாள்.

தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே
அந்தப் பெரிய காதிடமா
காதுக்கு அந்தப் பக்கமா, தெரியாது,
"ஹெல்மெட் பச்சை" என்றேன்.
"பின்னால் ஒரு வேல் ஸ்டிக்கர். பாதி உரிந்திருந்தது."
பதினாலு மாதத்தில் முதல் தடவை.
காது ஒருமுறை ஆடியது.
ஈ.
யுகேஸ்வரி திரும்பி நின்றாள்.
பேனா மூடியே இருந்தது.

இன்றைக்கு அதே தாள் மறுபடி வந்தது.
எல்லாவற்றிலும் இரண்டு,
ஒன்றில் மட்டும் மூன்று.
"போன தடவை சரியாகப் படிக்கவில்லை" என்றேன்.
"ம்" என்றாள்.

பிறகு நாலாவது மரத்தில் நாங்கள் நின்றோம்.
கயிறு தொய்ந்து கிடந்தது.
பெரிய ரோட்டில் பாரத்தோடு ஒரு லாரி
மேட்டில் திணறிக் கியர் மாற்றியது.
புதுப் பையனாக இருக்கும்.
கிளட்சை
இன்னும் கொஞ்சம் முன்னாலேயே மிதித்திருக்கவேண்டும்.